சுட்டது ராடு இல்லை, பிளக்!

நான் பி.காம். கரண்ட்டுக்கும் எனக்கும் உள்ள உறவு, பில் கட்டுவதோடு சரி. போன மார்கழி வரைக்கும்!

குருசுக்குப்பத்தில், கடலை ஒட்டி வாடகை வீடு. இரண்டு வயசு மகளுக்கு வெந்நீர் வேண்டுமே என்று 1,500 வாட் வாட்டர் ஹீட்டர் ராடு வாங்கினேன். அதில் பெரிய பிளக். பாத்ரூம் பக்கம் இருந்ததோ சின்ன 6 ஆம்பியர் பாயின்ட். நம்ம மூளை சும்மா இருக்குமா? பெரிய பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, பரணில் கிடந்த சின்ன பிளக்கை மாட்டினேன்.

மூன்றாவது வாரம். "என்னங்க, ஏதோ கருகுற வாசனை வருது!"

ஓடினால், பிளக் உருகிச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓரடி தள்ளி, துண்டைக் கட்டிக்கொண்டு குழந்தை. மெயினை அணைத்த பிறகும் கை அரை மணி நேரம் நடுங்கியது. எம்.சி.பி.யோ ஒன்றுமே நடக்காதது மாதிரி 'ஆன்' நிலையில்!

எலெக்ட்ரீஷியன் வந்தார். தடி வயர் இழுத்து, 16 ஆம்பியர் பாயின்ட் போட்டார். ராடை ஓடவிட்டு, ஒற்றை வயரை டாங் டெஸ்டரால் கவ்வினார். 6.2 ஆம்பியர். வோல்டேஜ் 220.

"சார், நீங்க கணக்குப் படிச்சவரு. ரெண்டையும் பெருக்குங்க."

ரேட்டை அளவால் பெருக்கினால் தொகை. அதே மாதிரி வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். 1,364 வந்தது. "136 வாட் உதைக்குதே! கடையில ஏமாத்திட்டாங்களா அண்ணே?"

"இப்ப வகுங்க."

220-ஐ 6.2-ஆல் வகுத்தேன். 35.5 ஓம். அதுதான் ராடின் ரெசிஸ்டென்ஸ். முழுசாக 230 வோல்ட் வந்தால் அதே 35.5 ஓமில் சுமார் 6.5 ஆம்பியர் ஓடும். பெருக்கினால் 1,490 வாட். ராடு யோக்கியம்தான்! வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் கூடவே குறைகிறது. வாட்டுக்கு இரண்டு பக்கமும் அடி.

"சரி, பிளக் ஏன் உருகிச்சு?"

6 ஆம்பியர் பிளக்கில் ஆறரை ஏற்றியது என் தப்பு. அதோடு, பழைய பிளக்கின் பித்தளைப் பின்னைக் காட்டினார். பச்சை பூத்திருந்தது. பீச்சில் நாம் ரசிக்கிற அதே உப்புக் காற்று! பின் சரியாகத் தொடாத இடத்தில் ஒரே ஒரு ஓம் முளைத்தது என்று வையுங்கள். கரண்ட் 6 ஆம்பியராக இறங்கும். அந்த இடத்துச் சூடு, ஆம்பியர் பெருக்கல் ஆம்பியர் பெருக்கல் ஓம். ஆறாறு முப்பத்தாறு வாட்! ஈயத்தை உருக்குகிற சின்ன சோல்டரிங் அயர்னே 25 வாட்தான், சார். எம்.சி.பி. என்ன செய்யும், பாவம்? கரண்ட் கூடினால்தானே அது விழும்? இங்கே குறைந்தல்லவா போயிற்று!

இந்த வகுத்தல் கணக்கை 1827-ல் புத்தகமாகப் போட்டவர் ஜெர்மனியின் கொலோன் நகரத்துப் பள்ளிக்கூட வாத்தியார் கியார்க் ஓம். உள்ளூரில் ரொம்பப் பேர் கண்டுகொள்ளவில்லை. 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி மெடல் கொடுத்தது. அந்த 'ஆறாறு' சூட்டுக் கணக்கை அதே 1841-ல் வெளியிட்டவர் ஜூல். பீர் தயாரிக்கிற குடும்பத்துப் பிள்ளை. புதுச்சேரிக்காரன் கும்பிட இது போதாதா?

அன்று சாயங்காலம் வீட்டுப் பிளக்குகளை எல்லாம் சுவிட்சை அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். அயர்ன் பாக்ஸ் பிளக் நன்றாகவே சுட்டது. எலெக்ட்ரீஷியன் அடுத்த வாரம்தான் வருவாராம். அதுவரை என் சட்டையெல்லாம் தெருமுனைக் கரிப்பெட்டி இஸ்திரி வண்டியில்.