சீப்போடு வரும் முடி

கண்டியிலோ கட்டுகஸ்தோட்டையிலோ அக்குரணையிலோ மருந்துக் கடைக்குப் போனால், தலைமுடிக்கென்று விதம் விதமான எண்ணெய்களும் மாத்திரைகளும் இருக்கின்றன. அவற்றை வாங்கிச் செல்லும் சகோதரிகளில் எத்தனை பேர், முடி ஏன் கொட்டுகிறது என்று முதலில் கேட்டிருப்பார்கள்?

நம் தலையில் ஏறத்தாழ 1 இலட்சம் முடிகள் உள்ளன. தோலுக்கு மேலே தெரிவது உயிரற்றது. தோலுக்குள் இருக்கும் வேருக்குத்தான் உயிர். ஒரு முடி மாதத்துக்கு 1 சென்ரிமீற்றர் அளவில் 2 முதல் 6 வருடங்கள் வரை வளர்கிறது. பின்னர் வளர்ச்சி அடங்கி, சுமார் 3 மாதங்கள் ஓய்வில் இருந்து உதிர்ந்துவிடும். அதே குழியிலிருந்து புதுமுடி முளைக்கும். எனவே நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி விழுவது இயல்பே. தலை குளிக்கும் நாளில் சற்றுக் கூடுதலாகத் தெரியும்.

அந்த 3 மாத ஓய்வுதான் பலரைக் குழப்புகிறது. டெங்குக் காய்ச்சல், சத்திரசிகிச்சை, மெலிவதற்காகப் பட்டினி கிடப்பது, பெரும் துயரம் ஆகியவற்றால் ஏராளமான முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. அவை கொட்டுவதோ இரண்டு மூன்று மாதம் கழித்து. அதற்குள் காய்ச்சலை மறந்துவிட்டு ஷாம்பூவையும் குழாய்த் தண்ணீரையும் குறை சொல்கிறோம். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாவில் இருந்து எழுந்த பலருக்கும் இவ்வாறே கொட்டியது.

பிள்ளை பெற்றவர்களுக்கும் இதே கதைதான். கர்ப்ப காலத்தில் உதிராமல் தங்கிய முடி, பிரசவமாகி இரண்டு, மூன்று மாதங்களில் சேர்ந்து விழும். பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று மூத்தவர்கள் சொல்வதுண்டு. காரணம் பிள்ளையின் சிரிப்பல்ல. ஆனால் காலக்கணக்கு எவ்வளவு சரி பாருங்கள்! அநேகமாக ஒரு வருடத்துக்குள் முடி பழைய நிலைக்கு வந்துவிடும். பயந்துபோய்ப் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை.

அவ்வாறு திரும்பி வராவிட்டால் இரத்தத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும். மாதவிடாயில் அதிகம் இரத்தம் போகிறவர்களுக்கும் அடுத்தடுத்துப் பிள்ளை பெற்றவர்களுக்கும் இரும்புச்சத்துக் குறைவது சாதாரணம். இதில் நம் தேநீருக்கும் பங்குண்டு. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்ட மாவட்டமல்லவா நம்முடையது! சோறு தின்ற கையோடு பிளேன்டீ குடித்தால், முருங்கை இலையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது வெகுவாகக் குறைகிறது. ஒரு மணி நேரமாவது பொறுத்துக் குடியுங்கள். கீரையில் தேசிக்காய் பிழிந்து கொண்டால் சத்து நன்றாகச் சேரும். தைரொயிட் சுரப்பியின் கோளாறும் முடியைக் கொட்டச் செய்யும். உடற்சோர்வு, எடை மாற்றம் கூடவே இருந்தால் அதையும் சோதியுங்கள்.

முக்காடு போடுவதால் முடி கொட்டும் என்பது வீண் பழி. முடியை இறுக்கி இழுத்துக் கொண்டை போட்டு, அதன்மேல் ஊசிகளைக் குத்துவதே நெற்றியோர முடியைத் தின்கிறது. தளர்த்திக் கட்டுங்கள், ஈரத்தோடு கட்டாதீர்கள். பிள்ளைக்கு அகீகாவின்போது முடி இறக்குவது மார்க்கம் காட்டிய வழி. அடர்த்தியாக வளருமென்று மறுபடி மறுபடி மழிப்பதில் பயனில்லை, கத்தி வேரைத் தொடுவதில்லையே.

நடுவகிடு அகன்றுகொண்டே போனால் அது பெரும்பாலும் பரம்பரை. தாய்வழியாகவும் வரும், தந்தைவழியாகவும் வரும். அதற்குப் பூசும் மினொக்சிடில் மருந்தைக் கர்ப்பிணிகளும் பாலூட்டுவோரும் தாமாக வாங்கிப் பாவிக்கக் கூடாது. வட்டமாக வழுக்கை விழும் புழுவெட்டில் புழு எதுவும் இல்லை. உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே வேரைத் தாக்குகிறது. வெள்ளைப்பூடு தேய்த்துத் தோலைப் பொசுக்கிக்கொள்ள வேண்டாம். சிறுவர் தலையில் செதிலோடு வட்டம் விழுந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். அதற்கு விழுங்கும் மருந்து தேவை. சீப்பையும் தொப்பியையும் வேறாக்குங்கள்.

கண்டி தேசிய வைத்தியசாலையின் தோல் நோய்ப் பிரிவுக்கோ வேறு வைத்தியரிடமோ போகும்போது, கடந்த ஆறு மாதங்களில் வந்த நோய்களையும் எடுத்த மருந்துகளையும் எழுதிக்கொண்டு போங்கள். முடிக்கென்று பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் இரத்தம் கொடுக்குமுன் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அது தைரொயிட் பரிசோதனையின் முடிவைப் பிழையாகக் காட்டிவிடும்.