நர்ஸ்களின் மன உறுத்தலுக்கு மார்க் போட முடியுமா?

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி, பல ஊர் ஆஸ்பத்திரிகளுக்கும் போகிறது. ஆனால், ராஜபாளையமோ ஸ்ரீவில்லிபுத்தூரோ, கட்டுப் போடும் நர்ஸின் மனதில் விழும் காயத்தை யார் கேட்கிறார்கள்?

எது சரி என்று தெரியும்; செய்ய முடியாது. இந்த உறுத்தலுக்கு 1984-ல் ‘மாரல் டிஸ்ட்ரஸ்’ என்று பெயர் வைத்தார் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஆண்ட்ரூ ஜேம்டன். வேலை அலுப்பு தூங்கி எழுந்தால் போய்விடும். இது போகாது. வலியில் முனகுபவர் பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்காரத் தோன்றும்; அடுத்த பெட்டில் டிரிப்ஸ் முடிந்திருக்கும். நோயாளி பிழைக்க மாட்டார் என்று புரியும், ‘எப்படிம்மா இருக்கு?’ என்று கேட்கும் குடும்பத்திடம் வாய் திறக்க முடியாது.

இதை அளக்க, 2001-ல் மேரி கார்லி ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார். 2019-ல் வந்த புதிய வடிவத்தில் 27 சூழ்நிலைகள். எத்தனை முறை நடக்கிறது, எவ்வளவு வலிக்கிறது என இரண்டுக்கும் 0 முதல் 4 வரை மார்க். பெருக்கிக் கூட்டினால் அதிகபட்சம் 432. அடிக்கடி நடந்து மரத்துப்போனதற்கும், எப்போதோ நடந்து ஆளையே உலுக்கியதற்கும் ஒரே மார்க் விழலாம் என்பதுதான் கொஞ்சம் இடிக்கிறது.

சொன்னதை டாக்டர் காதுகொடுத்துக் கேட்டால் கிடைப்பது ‘மாரல் கம்ஃபர்ட்’, மன நிம்மதி. ஆனால், சொல்லத் துணிச்சல் வேண்டுமே! தமிழகத்தில் 2015-ல் தேர்வான அரசு ஒப்பந்த நர்ஸ்கள் பணியில் சேர்ந்தது மாதம் 7,700 ரூபாய்க்கு. நிரந்தரமில்லாத வேலையில் ‘இது சரியில்லை டாக்டர்’ என்று சொல்வது லேசா?

2019 கேள்வித்தாளின் கடைசியில் இப்படியும் கேட்கிறார்கள்: இந்த உறுத்தலால் வேலையை விட்டதுண்டா, விட நினைத்ததுண்டா? இதற்கு மட்டும் மார்க் கிடையாது.