நண்பருடன் ஒரு நாள், குப்பையில் ஒரு பாடம்

மருத்துவர்களுக்கு முழு விடுமுறை அமைவது அரிது. அண்மையில் ஒரு சனிக்கிழமை அவ்வாறு அமைந்தது. விழுப்புரத்திலிருந்து புறப்பட்டு, திண்டிவனத்தில் வசிக்கும் கல்லூரிக் கால நண்பரை அழைத்துக்கொண்டு, கிளியனூர் வழியாக ஆரோவில்லை அடைந்தோம். வழியெங்கும் பழைய விடுதிக் கதைகள். சாலையோரக் கடையில் தேநீர். வாடகை மிதிவண்டிகளில் செம்மண் பாதைகளைச் சுற்றியபோது மூச்சு வாங்கியது. நாற்பதைக் கடந்துவிட்டோம் என்பதை அப்போதுதான் உணர்ந்து சிரித்தோம்.

அங்கே எங்கள் மனத்தில் நின்றது, விரல் நீளமே உள்ள ஒரு துணிப் பொம்மை. அதன் பெயர் சுனாமிகா. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், துயரில் ஆழ்ந்திருந்த மீனவப் பெண்களுக்கு மன ஆறுதல் தரும் கைத்தொழிலாக ஆரோவில்லின் உபாசனா நிறுவனம் இதனைக் கற்றுக்கொடுத்தது. வெட்டி ஒதுக்கப்பட்ட துணித் துண்டுகளே இதன் மூலப்பொருள். இப்பொம்மை விற்கப்படுவதில்லை; அன்பளிப்பாகவே வழங்கப்படுகிறது. வீணாகும் துணி, நொந்த மனத்திற்கு மருந்தாகியிருக்கிறது!

திரும்பும் வழியில் பேச்சு வீட்டுக் குப்பையைப் பற்றித் திரும்பியது. நண்பரின் தாயார் நீரிழிவு நோயாளி. "அம்மாவுக்குப் போடும் இன்சுலின் ஊசியை எங்கே போடுகிறாய்?" என்று கேட்டோம். "சமையலறைக் குப்பைக் கூடையில்தான்" என்றார்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் வந்த தூய்மைப் பணியாளர் ஒருவரைப் பற்றி அவரிடம் கூறினோம். குப்பையைத் தரம் பிரிக்கும்போது யாரோ எறிந்த ஊசி அவர் உள்ளங்கையில் குத்தியிருந்தது. பயன்படுத்திய ஊசியால் மஞ்சள்காமாலையை உண்டாக்கும் பி, சி வகைக் கிருமிகளும் எச்.ஐ.வி.யும் பரவக்கூடும். தடுப்பு மருந்துகளும் தொடர் பரிசோதனைகளுமாக ஆறு மாதங்கள் கடந்தன. இறுதியில் தொற்று இல்லை என்று தெரிந்தது. ஆனால், குழந்தையைக் கொஞ்சவும் அஞ்சி அவர் வாழ்ந்த அந்த ஆறு மாதங்களை யார் திருப்பித் தருவது? நண்பர் நெடுநேரம் பேசவில்லை.

மறுசுழற்சியின் பயன்கள் பல. பழைய அலுமினியத்தை உருக்கிப் புதுப்பிக்க, தாதுவிலிருந்து எடுப்பதற்குத் தேவைப்படும் ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடே போதும். தரம் பிரித்துக் கொடுத்தால் நெகிழி எரிக்கப்படுவது குறைகிறது; அதனால் ஆஸ்துமா நோயாளிகளை வதைக்கும் புகை குறைகிறது. பழைய டயரையும் உடைந்த வாளியையும் அகற்றினால், டெங்குவைப் பரப்பும் கொசு முட்டையிடும் இடங்கள் குறைகின்றன. ஆயினும் இவை அனைத்தும் ஒருவரின் கைகள் வழியாகவே நடைபெறுகின்றன. அக்கைகளைக் காப்பது நம் கடமை.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை:

• காய்கறிக் கழிவு, உணவு மிச்சம் ஆகியவற்றைத் தனியே சேர்த்து உரமாக்குங்கள்.

• காகிதம், அட்டை, புட்டி, உலோகம் ஆகியவற்றை உலர்வாக வைத்துத் தனியே கொடுங்கள்.

• ஊசிகளைப் பயன்படுத்திய உடனேயே, திருகு மூடியுள்ள கெட்டியான நெகிழிப் புட்டியில் போடுங்கள். முக்கால் பங்கு நிறைந்ததும் இறுக மூடி, 'ஊசிகள்' என்று எழுதி, அடுத்த முறை வரும்போது செவிலியரிடம் கேட்டு ஒப்படையுங்கள். அப்புட்டியை மறுசுழற்சிப் பொருள்களுடன் சேர்க்காதீர்கள்.

• புண்ணில் கட்டிய துணி, அணையாடை ஆகியவற்றைக் காகிதத்தில் சுற்றித் தனியே கொடுங்கள்.

• மருந்து வாங்க வரும்போது மஞ்சப்பை கொண்டு வாருங்கள்.

மறுவாரம் நண்பர் தொலைபேசியில் அழைத்தார். தாயார் தம் படுக்கையருகே ஒரு புட்டியை வைத்துக்கொண்டு, ஊசியைத் தாமே அதில் போடுகிறாராம். "குப்பை வாங்க வரும் பெண்ணுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்களே" என்றாராம் அந்த மூதாட்டி. நாங்கள் சொல்ல நினைத்ததும் அதுவே.