கையின் தூரம் எது? துப்பாக்கியின் தூரம் எது?



பெர்மாஸ் ஜெயாவின் வீட்டு வரிசைகளுக்கிடையே இன்று மானைத் தேடினால் கிடைக்காது. ஆனால், பள்ளி விடுமுறைக்குத் தோட்டத்திலுள்ள தாத்தா வீட்டுக்கு அங்கிருந்து வரும் பிள்ளைகள், கைப்பேசியில் பார்த்த மான் வேட்டையைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறார்கள். வெள்ளைக்காரர் ஒருவர் எண்ணூறு மீட்டருக்கு அப்பால் நின்ற மானை ஒரே குண்டில் சாய்த்தாராம். "சார், நல்ல ரைபிள் இருந்தால் யாரும் அப்படிச் சுடலாம்தானே?" என்று ஒரு பையன் கேட்டான்.

கூடாது என்பதே பதில். ஏன் கூடாது என்பதைப் பெற்றோர்களாகிய நீங்களும் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். தீபகற்ப மலேசியாவில் மிளா என்னும் ரூசா மானையும், கேளையாடு என்னும் கீஜாங்கையும் சுடுவதற்கு உரிமம் வழங்குவது 2009-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அந்தத் தடை பின்னர் நீட்டிக்கவும்பட்டது. இவை குறைந்தால் புலிக்கு இரை குறையும் என்பது முக்கியக் காரணம். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உரிமமின்றி வேட்டையாடுவோரைக் கடுமையாகத் தண்டிக்கிறது. ஆகவே, இக்கட்டுரை வேட்டைக்கு அழைப்பு அன்று. ஆனால், இதே மிளா 1860-களில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கொண்டுபோய் விடப்பட்டுப் பெருகியிருக்கிறது. அங்கே உரிமம் பெற்று ரைபிளால் சுடுகிறார்கள். நம் பிள்ளைகள் படிக்கவும் பிழைக்கவும் போகும் நாடு அது. அங்கே ஒருநாள் ஒருவர் துப்பாக்கியை நீட்டி, "சுட்டுப் பார்" என்று சொன்னால், அவர்களுக்கு நியாயம் தெரிந்திருக்க வேண்டாமா?

தட்டும் மரமும்

மானை வதைக்காமல் வீழ்த்த வேண்டுமானால் குண்டு நெஞ்சுக்கூட்டில், இதயமும் நுரையீரலும் உள்ள இடத்தில் பாய வேண்டும். பெரிய மிளாவுக்கு அந்த இடம் நாம் சோறு உண்ணும் பீங்கான் தட்டளவு இருக்கும். கீஜாங்குக்கோ தேநீர்க் கோப்பையின் அடித்தட்டளவுதான்.

இனித் தூரத்தைக் கவனியுங்கள். செம்பனைத் தோட்டத்தில் ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் இடைவெளி சுமார் ஒன்பது மீட்டர். பதினோரு மரம் எண்ணினால் ஏறக்குறைய நூறு மீட்டர். ஒருவர் சுடும் குண்டுகள் பதினோரு மரத் தூரத்தில் பத்து சென்டிமீட்டர் வட்டத்துக்குள் விழுவதாக வைத்துக்கொள்வோம். இருபத்திரண்டு மரத் தூரத்தில் அந்த வட்டம் இருபது சென்டிமீட்டராகும். நாற்பத்து நான்கு மரத்தில் நாற்பது சென்டிமீட்டராகும். தட்டு மட்டும் வளர்வதில்லை!

குண்டு நேர்கோட்டில் போவதும் இல்லை. நூறு மீட்டருக்குக் குறி சரிசெய்த சாதாரண மான் வேட்டை ரைபிளின் குண்டு, முந்நூறு மீட்டரில் சுமார் ஒன்றரை அடி தாழ்ந்துவிடும். நானூறு மீட்டரில் சுமார் மூன்றடி. தூரத்தைக் கண்ணால் தப்பாக மதித்தால் குண்டு காலில் படும். அல்லது தாடையில் படும். போதாக்குறைக்குக் காற்று பக்கவாட்டில் தள்ளும்.

இன்னொன்றும் உண்டு. நானூறு மீட்டரைக் கடக்க அந்தக் குண்டுக்கு அரை நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் மான் ஓரடி எடுத்து வைத்தால் போதும், நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றில் பாயும். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் மானின் அடுத்த அடியை யார் அறிவார்?

நோர்வே நாட்டுப் பரீட்சை

நோர்வே நாட்டில் பெரிய மான் வேட்டைக்குப் போகிறவர் ஒவ்வோர் ஆண்டும் பரீட்சை எழுத வேண்டும். பேனாவால் அன்று, துப்பாக்கியால்! நூறு மீட்டரில் நிற்கும் மான் உருவத்தில் ஐந்து குண்டு சுட வேண்டும். ஐந்தும் முப்பது சென்டிமீட்டர் வட்டத்துக்குள் விழ வேண்டும். ஒன்று வெளியே போனாலும் தேர்ச்சி இல்லை.

இதிலிருந்து நாம் ஒரு விதியை எடுத்துக்கொள்ளலாம். மேசையில் துப்பாக்கியைச் சாய்த்துச் சுட்டது கணக்கில் சேராது. காட்டில் எப்படிச் சுடுவாரோ, அப்படியே முழங்காலிட்டோ மரத்தில் சாய்ந்தோ ஐந்து குண்டு சுட வேண்டும். ஐந்தும் தட்டுக்குள் விழும் மிக நீண்ட தூரம் எதுவோ, அதுதான் அவருடைய எல்லை. மேட்டில் ஏறி மூச்சு வாங்கும்போதும், மழை தூறும்போதும், அந்தி மயங்கும்போதும் அந்த எல்லையை இன்னும் சுருக்க வேண்டும். ஒருவருக்கு அது இருநூறு மீட்டராக இருக்கலாம். இன்னொருவருக்கு எழுபதுதான் இருக்கலாம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. எல்லைக்கு அப்பால் நிற்கும் மானை நெருங்கிப் போக வேண்டும். நெருங்க முடியாவிட்டால் விட்டுவிட வேண்டும்.

தோட்டங்களில் காட்டுப்பன்றிக்கு எடுக்கும் இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு எல்லை இன்னும் குறுகல். அதன் ரவைகள் போகப் போகப் பரவும், வேகமும் குறையும். முப்பத்தைந்து, நாற்பது மீட்டருக்கு மேல் அது பிராணியைக் கொல்வதைவிடக் காயப்படுத்துவதே அதிகம். மரக்கணக்கில் நான்கு மரந்தான்.

காயத்தோடு ஓடியது என்ன ஆகும்?

நெஞ்சில் அடிபட்ட மான் பெரும்பாலும் நூறு மீட்டருக்குள் விழுந்துவிடும். வயிற்றில் அடிபட்டதோ பல மணி நேரம் உயிரோடு துடிக்கும். நம் நாட்டு மழை ஒரு பாட்டம் பெய்தால் இரத்தத் தடம் கரைந்துபோகும். தேடிக் கண்டுபிடிப்பதற்குள் வெயிலில் இறைச்சியும் கெட்டுவிடும். யாருக்கும் பயன்படாத சாவு அது.

தப்பிய குண்டின் வினை மனிதர் மீதும் விடியும். 1907-ஆம் ஆண்டில் ஜிம் கார்பெட் இந்தியாவின் குமாவுன் மலைப்பகுதியில் சம்பாவத் பெண்புலியைச் சுட்டு வீழ்த்தினார். அவர் தரும் கணக்குப்படி அது கொன்ற மனிதர்கள் 436 பேர். அதன் வலப்பக்கத்துக் கோரைப் பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. முன்பு எவரோ சுட்ட குண்டினால் வந்த காயம் அது என்றும், அதனாலேயே தன் இயற்கை இரையைப் பிடிக்க முடியாமல் மனிதரைத் தின்னத் தொடங்கியது என்றும் அவர் எழுதினார். குறி தவறியவர் வீட்டுக்குப் போய்விட்டார். விலை கொடுத்தவர்கள் விறகு பொறுக்கவும் புல் அறுக்கவும் போன ஏழைகள்.

நமக்கும் அது பொருந்தும். ரைபிள் குண்டு தட்டினால் நின்றுவிடாது. தடையில்லாவிட்டால் மூன்று, நான்கு கிலோமீட்டர்கூடப் பாயும். விடியுமுன் தலைவிளக்கோடு பால்மரத்துக்குப் போகும் தாயும், குலை அறுக்கப் போகும் தகப்பனும் அந்த வழியில்தான் இருக்கிறார்கள். தூரம் கூடக் கூட, அசைவது மானா, மனிதனா என்பதே தெரியாமல் போகும். அதற்குப் பின்னால் யார் நிற்கிறார் என்பது அதைவிடத் தெரியாது.

ஆகவே, பெற்றோரே! உங்கள் பிள்ளை எண்ணூறு மீட்டர் வேட்டைப் படத்தைக் காட்டினால் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அவர் தவறவிட்ட மான்களைப் படத்தில் காட்டினார்களா, தம்பி?" பிறகு ஒரு பீங்கான் தட்டை எடுத்துக் கொடுத்து, பதினோரு மரம் தள்ளி வைத்துவிட்டு வந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்தத் தட்டு எவ்வளவு சின்னதாகத் தெரிகிறது என்பதைக் கண்டாலே பாதிப் பாடம் முடிந்துவிடும். மீதிப் பாடம் இதுதான்: நிச்சயம் இல்லாதபோது துப்பாக்கியைத் தாழ்த்தத் தெரிந்தவனே வேட்டைக்காரன்.