இசையை விற்பதா, வாடகைக்கு விடுவதா?

திரைப்படங்களுக்கும் கணினி விளையாட்டுகளுக்கும் இசையமைத்துச் சம்பாதிக்க வேண்டும் என்ற ஆசை எமது இளைஞர்கள் சிலரிடமும் இருக்கிறது. இசை பற்றிய மார்க்கச் சட்டம் உலமாக்களிடம் கேட்டறிய வேண்டிய விடயம். அதை முதலில் கேட்டுக்கொள்வதே முறை. இப்பத்தி பேசுவது அத்தொழிலின் கொடுக்கல் வாங்கலை மட்டுமே. மெட்டுப் போடத் தெரிந்தவர்கள் ஒப்பந்தம் போடத் தெரியாமல் நஷ்டப்படும் தொழில் இது.

முதலில் சரக்கைப் பார்ப்போம். திரைப்படத்தில் ஒரு காட்சி 2 நிமிடம் என்றால் இசையும் 2 நிமிடம்தான். விளையாட்டில் அப்படியல்ல. ஒரே இடத்தில் ஒரு பிள்ளை 1 நிமிடமும் நிற்கும், 1 மணித்தியாலமும் நிற்கும். எனவே முடிவு தொடக்கத்தோடு பொருந்தி, சலிப்பின்றித் திரும்பத் திரும்ப ஒலிக்க வேண்டும். எதிரி வந்தால் முரசு சேர, போனால் அடங்க, இசையை அடுக்கடுக்காகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். இவற்றை விளையாட்டோடு இணைக்க எஃப்மொட், வைஸ் என்ற மென்பொருட்கள் உள்ளன. இதையும் படித்தவருக்கே அங்கு வேலை.

அடுத்தது விலை. விளையாட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் முடிந்த இசைக்கு நிமிடக் கணக்கில் பணம் பேசும். பணத்தோடு உரிமையையும் முழுதாக எழுதி வாங்கிக்கொள்ளும். கடையை அறுதியாக விற்பது போன்றது இது. உரிமையை வைத்துக்கொண்டு பாவிக்க மட்டும் அனுமதி கொடுப்பது, கடையை வாடகைக்கு விடுவது போன்றது. முதல் வழியில் கைக்காசு அதிகம், இரண்டாவதில் வருமானம் நீளும்.

இதற்கு நல்ல உதாரணம் மைன்கிராஃப்ட். ஜேர்மனியரான டானியல் ரோசன்பெல்ட் அதற்கு இசையமைத்தபோது உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். 2011இல் அதைத் தனி இசைத்தொகுப்பாகவும் வெளியிட்டார். 2014இல் மைக்ரோசொப்ட் அவ்விளையாட்டின் நிறுவனத்தை 250 கோடி டொலருக்கு வாங்கியபோதும் அந்த இசை அவருடையதாகவே இருந்தது. 2025இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அத்தொகுப்பைத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது.

திரைப்பட இசை தொலைக்காட்சியில் ஒலிபரப்பாகும்போது ரோயல்டி கிடைக்க வழியுண்டு. இந்தியாவில் 2012ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இந்த உரிமையை இசையமைப்பாளர் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுக்க முடியாதபடி பாதுகாக்கிறது. ஆனால் வீட்டில் ஒருவர் விளையாடும்போது அப்படியான ரோயல்டி பொதுவாக வராது. ஆகவே விளையாட்டுத் துறையில் ஆரம்பத்தில் பேசும் தொகையே முக்கியம்.

எமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் படைத்தவரின் ஆயுட்காலமும், அதன்பின் 70 ஆண்டுகளும் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை செய்து படைத்தால், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதவிடத்து, பொருளாதார உரிமை முதலாளிக்கே. இதைத் தெரியாமல் கையொப்பமிடக் கூடாது.

ஆகவே இவற்றை எழுத்தில் பெறுங்கள்:

1. உரிமை யாருக்கு, எத்தனை வருடத்துக்கு?
2. முற்பணம் எவ்வளவு, மிகுதி எப்போது?
3. எத்தனை தடவை இலவசமாகத் திருத்திக் கொடுப்பது?
4. வேலை இடையில் நின்றால் செய்த இசை யாருக்கு?
5. பெயர் எங்கே போடப்படும்?

கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி குர்ஆன் (2:282) எமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. தெரிந்த ஆள்தானே என்று விட்டுவிடுவது நட்பையும் கெடுக்கும்.

இன்று செயற்கை நுண்ணறிவு மென்பொருட்கள் சில வினாடிகளில் பின்னணி இசை தருகின்றன. மலிவு இசையை மட்டும் நம்பி இத்தொழிலுக்குள் இறங்குவது ஆபத்து. 2009இல் இரண்டு ஒஸ்கார் விருது பெற்ற ஏ.ஆர். ரஹ்மானும் 1992இல் 'ரோஜா' படம் வருமுன்னர் கீபோர்ட் வாசித்தும் விளம்பரங்களுக்கு இசையமைத்தும் உழைத்தவரே. சிறிய வேலைகளில் கைப்பழக்கமும் ஆள் அறிமுகமும் வரும்.

வாப்பாமாருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையைத் திட்டுவதற்கு முன் அவனது ஒப்பந்தத்தை வாங்கிப் பாருங்கள். கடை வாடகை உறுதியை எத்தனை தடவை வாசிப்பீர்களோ, அதையும் அத்தனை தடவை வாசியுங்கள்.