வழிநடைக் களிப்பிசை

துயரிசையே உயர்ந்ததென்றும், களிப்பிசை சிறுபிள்ளைகளுக்கே உரியதென்றும் கருதும் வழக்கம் நம்மிடை வேரூன்றியிருக்கின்றது. கண்ணீர் வருவிக்கும் பாட்டைக் கேட்டார் தலையசைத்துப் போற்றுவர். முகம் மலரச் செய்யும் பாட்டைக் கேட்டாரோ, "நன்று" என்று ஒரு சொற் கூறி அகல்வர். இவ்வழக்கம் நேரிதன்று என்பதை, பலரும் அற்பமென்றெண்ணும் ஒரு பொருளைக் கொண்டே ஈண்டு விளக்கப் புகுகின்றோம். அப்பொருளாவது, பழைய வீடியோ கேம் ஒன்றின் இசை.

இவ்வெண்ணம் எமக்குத் தோன்றிய இடம் ஏற்காடு. மாணாக்கர் சிலர் எங்கள் தமிழாசிரியருடன் சேலத்தினின்றும் பஸ்ஸில் மலையேறினோம். ஏறக்குறைய 4,000 அடி ஏற்றத்தை 20 கொண்டையூசி வளைவுகளால் கடத்தல் வேண்டும். பாதி வழியிலேயே சிலருக்குத் தலை சுழன்றது, பேச்சு ஒடுங்கியது. ஏரி கண்ணிற்பட்டு, குளிர்காற்று முகத்தில் மோதிய அளவில், எம்முள் ஒருவன் தன் செல்பேசியில் ஒரு சிறு மெட்டை ஒலிக்கச் செய்தான். வாடிய முகங்கள் மலர்ந்தன. ஆசிரியர் செவிசாய்த்துக் கேட்டு, "தம்பி, இஃதென்ன, நோட்டுஸ்வரமா?" என்றார். அவன், "இல்லை ஐயா, விளையாட்டில் வரும் பாட்டு" என்று நாணத்துடன் விடை பகர்ந்தான். அவன் நாணியதற்குக் காரணம் இல்லை என்பதே எம் கருத்து.

அவ்விளையாட்டின் பெயர் 'டிராகன் குவெஸ்ட்'. 1986-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜப்பான் நாட்டு எனிக்ஸ் நிறுவனத்தாரால் வெளியிடப்பெற்றது. ஆடுவோன் ஒரு வீரனின் வேடத்தை ஏற்று, ஊர் ஊராய்ச் சென்று, காட்டிலும் குகையிலும் எதிர்ப்படும் கொடிய உயிர்களோடு பொருது, சிறிது சிறிதாக வலிமை பெறுகின்றான். தோற்பானாயின், தேடிய பொன்னிற் பாதியை இழந்து, மீண்டும் அரசன் முன்னிலையில் நிற்கின்றான். இதற்கு இசையமைத்தவர் கொயிச்சி சுகியாமா என்பவர். தொலைக்காட்சிக்கும் விளம்பரங்களுக்கும் இசையமைத்துப் பெயர் பெற்ற அவர், சதுரங்கத்தை ஒத்த ஷோகி ஆட்டமொன்றைப் பற்றி எனிக்ஸ் நிறுவனத்தாருக்குத் தம் கருத்தை எழுதியனுப்பினார். அத்தொடர்பே அவரை இத்துறைக்கு அழைத்து வந்தது. 2021-இல் அவர் மறைந்தார்.

அவர் கையிற் கிடைத்த வாத்தியமோ மிக எளியது. நின்டெண்டோ நிறுவனத்தார் 1983-இல் வெளியிட்ட பேமிகாம் என்னும் கருவியில் ஐந்தே ஒலிவழிகள் உண்டு. இரண்டு, மெட்டுக்குரிய கூரிய குரல்கள். ஒன்று, கீழ்ஸ்தாயிக்குப் பெரிதும் பயன்படும் மெல்லிய குரல். ஒன்று, தாளத்திற்கு உதவும் இரைச்சல். மற்றொன்று, முன்னமே பதிந்த சிற்றொலிகளை எழுப்புவது. கீழ்ஸ்தாயிக் குரலின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது. வாள் வீசும் ஓசைக்கும் கதவு திறக்கும் ஓசைக்கும் இவ்வழிகளையே இரவல் கொள்ள வேண்டுதலின், அவ்வேளையில் மெட்டின் ஒரு குரல் மறைந்துவிடும். ஆட்டம் முழுமைக்கும், படம் எழுத்து இசை யாவும் உட்பட, 64 கிலோபைட் அளவே இடம். ஆகவே மெட்டு சிறியதாயிருத்தல் வேண்டும். முடிந்தவுடன் முதலினின்று மீளவும் வேண்டும். நூறு முறை மீண்டாலும் தெவிட்டாதிருத்தல் வேண்டும். துயரத்தை ஒருமுறை கேட்டு அழுதல் எளிது. ஒரே களிப்பை நூறு முறை கேட்டும் சலியாதிருக்கச் செய்தல் அரிது அன்றோ?

இனி, ஆசிரியர் வினவிய நோட்டுஸ்வரத்திற்கு வருவோம். முத்துஸ்வாமி தீக்ஷிதர், கும்பினியார் காலத்தில் சென்னையை அடுத்த மணலியில் தங்கியிருந்தபோது, மேனாட்டு வாத்தியக் குழுவினர் இசைத்த மெட்டுக்களைக் கேட்டு, அவற்றிற்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தருளினார். இன்று கிடைப்பன ஏறக்குறைய 40. அவற்றுள் 'சந்ததம் பாஹிமாம்' என்பது ஆங்கில அரசவாழ்த்தின் மெட்டில் அமைந்தது. சங்கராபரணத்தின் ஸ்வரங்களே அவற்றிற்கு அடிப்படை. கமகமின்றி ஸ்வரங்கள் தனித்தனி நின்று ஒலித்தலும், நடை துள்ளிச் செல்லுதலும் அவற்றின் இயல்பு. பேமிகாமின் களிப்பு மெட்டுக்களும் இவ்வியல்பினவே. எனவே, ஜப்பானியர் ஒருவர் அமைத்த மெட்டைத் தமிழ்ச்செவி அயலென்று தள்ளாமல் உறவென்று கொண்டதில் வியப்பில்லை. மகா வித்துவானாகிய தீக்ஷிதரே எளிய களிப்பை இகழாதபோது, நாம் இகழ்வது எங்ஙனம்?

எனினும், ஊர்மெட்டின் இனிமை அதன் ஸ்வரங்களில் மட்டும் இல்லை. அது நிற்கும் இடத்திலும் உள்ளது. இதனை யாம் உணர்ந்தது மறுநாட் காலையில். சேர்வராயன் மலையுச்சிக்குச் சென்று, மலைவாழ் மக்கள் மே மாதத்தில் திருவிழாக் கொண்டாடும் குகைக்கோயிலினுள் குனிந்து நுழைந்தோம். உள்ளே ஈரமும் இருளும். எம் குரல் தானே தாழ்ந்தது. டிராகன் குவெஸ்டிலும் குகைக்கென ஓர் இசை உண்டு. வீரன் ஒவ்வொரு தளமாகக் கீழிறங்குந்தோறும், அவ்விசையின் சுருதி தாழ்ந்து, நடையும் தளர்ந்து செல்லும். அங்ஙனம் இருளிற் சென்று மீண்டு, குற்றுயிரோடு ஊரெல்லையை மிதிக்கும்போதுதான் அத்துள்ளுமெட்டு எழுகின்றது. முன்னர்க் கேட்ட அதே மெட்டு, இப்போது, "பிழைத்து வந்தாய், அமர்க" என்று உபசரிப்பது போல் ஒலிக்கின்றது. யாமும் குகையினின்று வெளிப்பட்டு, கீழே பரந்த பசுமையையும் வெயிலையும் கண்டபோது, காரணமின்றியே நகைத்தோம்.

ஆகவே களிப்பிசை துயரை அறியாதார் இசையன்று. துயரினிடையே நடப்பாருக்கு இடப்படும் தண்ணீர்ப்பந்தல் அது. பந்தலில் நெடுநேரம் தங்குவார் இல்லை. ஆயினும் அஃதின்றேல் வழி கடப்பாரும் இல்லை. இவ்வுண்மையை உலகமும் மெல்லவே உணர்ந்தது. 1987-இல் தோக்கியோ நகரில் இவ்விசை வாத்தியக் குழுவினரால் அரங்கேறியது. 2021-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள், அந்நகரின் ஒலிம்பிக் தொடக்க விழாவில் பல நாட்டு வீரரும் அணிவகுத்து நுழைந்தபோது, முதலில் முழங்கியது டிராகன் குவெஸ்டின் முகப்பிசையே.

மலையிறங்கும்போது அம்மாணாக்கனை ஆசிரியர் தம் அருகில் அமர்த்தி, "அப்பாட்டை இன்னொரு முறை வை, தம்பி" என்றார். இம்முறை அவன் நாணவில்லை. தேர்வும் வறுமையும் நோயுமாகிய வளைவுகள் பலவற்றை ஏறவேண்டிய மாணாக்கர்காள்! அரிய கலைகளைப் பயிலுங்கள். ஆனால் ஏற்றத்தின் நடுவே உம்மை முகமலரச் செய்யும் சிறு மெட்டைச் சிறிதென்று எண்ணி நாணாதீர்கள்.