'தமிழ்' என்று தேடினால் கிடைக்குமா?

லினக்ஸ் கணினிக்கு ஒரு மென்பொருள் தேவையென்றால் இணையத்தில் அலையத் தேவையில்லை. டெபியன், உபுண்டு போன்றவற்றில் மென்பொருள்கள் 'பொதி'களாகக் களஞ்சியத்தில் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. 2023-இல் வெளிவந்த டெபியன் 12-இல் மட்டும் 64,000-க்கும் மேற்பட்ட பொதிகள். இக்கடலில் தமிழுக்கு உதவுபவற்றை எப்படிக் கண்டெடுப்பது?

முனையத்தைத் திறந்து 'ஆப்ட் சர்ச்' என்று தட்டச்சு செய்து, ரோமன் எழுத்தில் தமிழ் என்ற சொல்லைச் சேர்த்தால் போதும். பொதியின் பெயரிலோ விளக்கக் குறிப்பிலோ அச்சொல் வருபவை எல்லாம் பட்டியலாகும். ஆனால் இக்கட்டளை இணையத்திற்குச் செல்வதில்லை. கணினியில் ஏற்கெனவே சேமித்துள்ள அட்டவணையைத்தான் புரட்டுகிறது. எனவே முதலில் 'சூடோ ஆப்ட் அப்டேட்' கொடுத்து அட்டவணையைப் புதுப்பிக்க வேண்டும். இல்லையேல் பழைய பஞ்சாங்கத்தில் நல்ல நாள் பார்த்த கதைதான்!

பட்டியல் நீளுகிறதே என்று, பெயரில் மட்டும் தேடும் 'நேம்ஸ் ஒன்லி' தெரிவைச் சேர்ப்பவர்கள் உண்டு. தமிழைப் பொறுத்தவரை அது நட்டமே. லோகித் எழுத்துருப் பொதியின் பெயர் டி-ஏ-எம்-எல் என்று முடிகிறது. நடுவே 'ஐ' இல்லை. அது தமிழ் எழுத்துமுறைக்கான ஐஎஸ்ஓ 15924 குறியீடு. லிப்ரே ஆபிசின் தமிழ் இடைமுகப் பொதியும், ஆஸ்பெல் சொற்பிழைத் திருத்தியின் தமிழ் அகராதியும் டி-ஏ என்று மட்டும் முடிகின்றன. அது ஐஎஸ்ஓ 639 தரும் மொழிக் குறியீடு. பெயரில் மட்டும் தேடினால் இம்மூன்றும் கண்ணில் படா. விளக்கக் குறிப்பில் மொழியின் பெயர் முழுமையாக இருப்பதால் நீண்ட பட்டியலே நமக்கு நல்லது என்பேன்.

கணினியில் ஏற்கெனவே உள்ளவற்றைப் பார்க்க 'ஆப்ட் லிஸ்ட்' கட்டளையோடு 'இன்ஸ்டால்டு' தெரிவைச் சேர்க்கலாம். துணைப்பொதிகளும் சேர்ந்து வருவதால் பட்டியல் ஆயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். நான் அதிகம் நாடுவது 'ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்'. பிற பொதிகளின் தேவைக்காகத் தாமாக வந்தவற்றை இது விலக்கிவிடும். இயங்குதளத்தோடு வந்த சில மட்டும் கலந்திருக்கும். இந்தப் பட்டியலை ஒரு கோப்பில் சேமித்துவிட்டால், புதுக் கணினியில் எழுத்துரு எது, அகராதி எது என்று மீண்டும் தேடித் திரிய வேண்டியதில்லை.

ஃபெடோராவில் இதே தேடலுக்கு 'டிஎன்எஃப் சர்ச்'. அங்கே பொதிகளுக்குப் பெயரிடும் முறை வேறு என்பதால் டெபியன் பட்டியலை அப்படியே கொண்டுபோக முடியாது.